சுல்தானுக்கு பிஸ்கட் கொடுத்த ஆள்

சாய்ந்தமருதில் ஸுஹைறா என்று கேட்டால் எந்த ஸுஹைறா என்று திருப்பிக் கேட்பார்கள். சீஐடி சாச்சி என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்து வாசல்வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். கறித்தூள் விற்கிறவள். கல்முனைச் சந்தையில் செத்தல் மிளகாய் வாங்கப் போனால் மூட்டையின் மேல்பக்கத்தைப் பார்க்கவே மாட்டாள், அடியில் கையை விட்டுக் கிளறுவாள். மில்லில் அரைபடும்போது பக்கத்தைவிட்டு நகர மாட்டாள். கண்ணும் மூக்கும் ஆறாய் ஓடும். "வெளியில நில்லுங்களன் சாச்சி" என்று மில்காரன் இரக்கப்பட்டுச் சொன்னால், "நான் அங்கால போனா நீ என்ட மிளகாய மாத்திருவாய்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. அவளுடைய தூளில் அரிசிமாவோ சாயமோ இருந்ததென்று இன்றைக்குவரைக்கும் ஒரு குஞ்சும் வாய் திறந்ததில்லை. சந்தேகம்தான் அவளுக்குச் சோறு போட்டது.

ஆனால் மில்காரனை சந்தேகப்பட்டால் மில்லோடு போயிற்று. வீட்டுக்குள் இருக்கிற ஆளை சந்தேகப்பட்டால்?

மகள் ஹுஸ்னியாவுக்குக் கலியாணம் முடிந்தபோது, இந்தப் பக்கத்து வழமைப்படி வீடு மகளுக்குப் போனது. ஸுஹைறாவும் புருசன் மீராமுகைதீனும் பின்னறைக்கு மாறினார்கள். மருமகன் றிபாஸ் ஒலுவில்காரன். துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவன். ஒரு உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து மாமியும் மருமகனும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. சண்டை என்று நினைத்துவிடாதீர்கள், மரியாதை! பக்கத்து வளவுகளில் இப்போது மாமிமார் மருமகனோடு ஒரே சோபாவில் இருந்து நாடகம் பார்க்கிறார்கள்தான். ஸுஹைறா பழைய ஆள். அவனுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழும்பி உள்ளே போய்விடுவாள். இவள் சொல்வதை அங்கேயும் அவன் சொல்வதை இங்கேயும் ஹுஸ்னியாதான் சுமந்து திரிந்தாள். வாய் திறந்து கதைக்காத ஆளின் மனதில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? ஸுஹைறா தன் பாட்டில் எல்லாவற்றையும் ஊகித்துக்கொண்டாள்.

சுல்தான் வந்தது மீராமுகைதீன் மவுத்தான பிறகு. புருசனை இழந்தவள் வீட்டோடு அடைந்திருக்கிற இத்தாக் காலம். சந்தை இல்லை, மில் இல்லை, வெளி மனிதர் முகம் இல்லை. சண்டை பிடிக்கவும் ஆளில்லாமல் ஸுஹைறா சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். உம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்து ஹுஸ்னியா ஒரு வெள்ளை முயல்குட்டியை வாங்கிவந்து மடியில் போட்டாள். "இதென்ன சனியன்" என்றாள் ஸுஹைறா. அடுத்த கிழமை அதற்கு சுல்தான் என்று பெயர் வைத்தாள். மனிதருக்குச் சொல்ல முடியாத அழுகையெல்லாம் அதன் முதுகில்தான் விழுந்தது. இத்தா முடிந்தது, வெளியே வந்தாள், பழையபடி மிளகாய் மூட்டைக்குள் கையை விட்டாள். சுல்தான் கிணற்றடிக் கூட்டில் அவளுடைய ஒரே சொத்தாக இருந்தது.

அந்தச் சுல்தான்தான் ஒரு காலை, போட்ட புல் போட்டபடி கிடக்க, கூட்டின் மூலையில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தது. அகத்திக் கீரையை மூக்கடியில் பிடித்தாள். முகத்தைத் திருப்பியது. தூக்கினால் வயிறு கல்லாக இருந்தது. கூட்டின் அடியில் ஒரு புழுக்கை இல்லை. ஹுஸ்னியாவோ வேலைப் பயிற்சி என்று கொழும்பில் இருந்தாள், அவளிடம் போனில்தான் சொல்லி அழ முடிந்தது.

வேலிக்கு மேலால் பக்கத்து வளவு ஸைனுலாப்தீன் எட்டிப் பார்த்தார்.

"சாச்சி, இது தேறாது. மவுத்தாப் போனா சவம், ஒருத்தருக்கும் உதவாது. உசிர் இரிக்கக்குள்ளயே பிஸ்மில்லாச் சொல்லி அறுத்திட்டா ஹலால். நான் வேணுமெண்டா வாறன்."

"உங்கட சட்டி எப்ப அடுப்பில ஏறினது?" என்றாள் ஸுஹைறா.

"அல்லாஹ்வே! நல்லதுக்குச் சொன்னா..." என்று அவர் தலையை இழுத்துக்கொண்டார்.

அவர் ஆசைப்பட்டது இறைச்சிக்கு, அவ்வளவுதான். சுல்தானுக்கு இந்தக் கதியைச் செய்தது வேறு ஆள் என்று ஸுஹைறாவின் மனம் சொல்லியது. கூட்டைத் துடைத்துக் கழுவும்போது பலகை இடுக்கில் அது அகப்பட்டது. பிஸ்கட் துண்டு! நனைந்து ஊறிய துண்டு. அவள் முயலுக்கு பிஸ்கட் கொடுப்பதில்லை. ஹுஸ்னியா ஊரில் இல்லை. அப்படியென்றால் இந்த வளவில் மிச்சம் யார்? ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட கதையும் ஞாபகம் வந்தது. "அந்தக் கூட்ட எடுத்தா மோட்டசைக்கிள் விட நல்ல இடம்" என்று றிபாஸ் சொன்னான். தன் இரண்டு காதாலும் கேட்டாள். பிஸ்கட்டுக்குள் எதையோ வைத்துக் கொடுத்திருக்கிறான், வேறென்ன? அந்தத் துண்டைத் தாளில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, சுல்தானைக் கூடைக்குள் வைத்து ஆட்டோவில் ஏறினாள்.

மிருக வைத்தியர் தர்சினி காரைதீவுப் பிள்ளை. சுல்தானின் வயிற்றை மெதுவாக அமுக்கிப் பார்த்தாள், காதை வைத்துக் கேட்டாள். ஸுஹைறா தாளைப் பிரித்து சாட்சியை மேசையில் வைத்தாள்.

"இதுக்குள்ள நஞ்சு இரிக்கா எண்டு பாருங்க டொக்டர். குடுத்த ஆளை எனக்குத் தெரியும்."

தர்சினி அதை முகர்ந்துவிட்டு வைத்தாள். "நஞ்சொண்டும் இல்லயம்மா. வெறும் பிஸ்கட்தான். ஆனா முயலுக்கு அதுவே காணும். மாச்சாமானும் இனிப்பும் நெடுகத் தின்டா குடல் அசையாம நிண்டிரும். இதுக்கு அதுதான் நடந்திரிக்கு. வயித்துவலியில சாப்பிடாது, சாப்பிடாட்டி குடல் இன்னும் மோசமா நிண்டுபோகும்."

வலிக்கு ஊசி போட்டாள். ஊசி கழற்றிய சிரிஞ்சு ஒன்றைக் கையில் கொடுத்தாள். புல்லைத் தண்ணீர் விட்டுப் பசையாக அரைத்து, வாயின் பக்கவாட்டால் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், அவசரப்பட்டால் புரையேறிவிடும், இடையிடையே வயிற்றைத் தடவிவிட வேண்டும் என்றாள். "புழுக்கை விழுந்தா தப்பிற்று எண்டு வையுங்க. விழாட்டி நாளைக்குக் காலம கொண்டாங்க. தனிய செய்ய ஏலாது, ஒராள் பிடிக்கோணும், ஒராள் குடுக்கோணும். வீட்டில ஆள் இரிக்குத்தானே?"

"ஓம்" என்றாள் ஸுஹைறா. பொய்.

வீட்டுக்கு வந்தால், துறைமுகத்தில் இருக்க வேண்டிய றிபாஸ் கிணற்றடியில் குந்தியிருந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். சாணைக்கல்லில் கத்தி தேய்கிற சத்தம் அவளுடைய முதுகெலும்பில் ஏறியது. கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னறைக்குள் ஓடி, கதவை அடித்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கொழும்புக்குப் போன் போட்டாள்.

"உன்ட புருசன் கத்தி தீட்டுறார்."

"உம்மா, புல்லு வெட்டப் போறாராம். நான்தான் முயலுக்கு ஏலாதெண்டு சொன்ன. லீவு போட்டுத்து வந்திரிக்கார். கதவத் திறங்களன்."

"புல்லு வெட்ட அவ்வளவு கூரா? நீயும் அவர்ர பக்கம்தான்." போனை வைத்துவிட்டாள்.

தனியாகவே பார்த்தாள். கூடைக்குள் விரித்திருந்த புல்லை அரைத்து சிரிஞ்சில் ஏற்றி, சுல்தானை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கினாள். பின்கால் ஒன்று உதைத்ததில் முன்னங்கையில் நீளமாகக் கீறல். பசை அவளுடைய சட்டையில், பாயில், சுவரில். வாய்க்குள் மட்டும் போகவில்லை. மறுபடியும் பிடித்தாள், மறுபடியும் உதைத்தது. பிறகு உதைப்பதும் நின்றது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. காதைத் தொட்டாள். குளிர்ந்து போயிருந்தது.

வாசலுக்கு வெளியே காலடி. யாரோ நிற்கிறார்கள். கதவைத் தட்டவில்லை. மாமியின் அறைக் கதவை மருமகன் எப்படித் தட்டுவான்? ஸுஹைறா கதவைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள். திறக்காவிட்டால் சுல்தான் இந்தப் பாயிலேயே போய்விடும். திறந்தால், கொல்லப் பார்த்தவன் கையிலேயே தூக்கிக் கொடுக்க வேண்டும். "யா அல்லாஹ், எனக்கு வேற ஆளத் தரக்கூடாதா?" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தாள்.

றிபாஸ் ஒரு கட்டுப் புல்லோடு நின்றான். பச்சைப் புல், தண்ணீரில் அலசி, வேர் நறுக்கியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டான். ஹுஸ்னியா இல்லை. யாரிடம் சொல்லி யாரிடம் கேட்பது? ஸுஹைறா முயலைப் பார்த்துக் கதைத்தாள்.

"சுல்தான், உன்னப் பிடிக்க ஒராள் வேணுமாம்."

அவனும் முயலைப் பார்த்தே பதில் சொன்னான். "சுல்தான், இரு, நான் கையைக் கழுவித்து வாறன்."

வந்தான். தோளில் கிடந்த துவாயால் சுல்தானைக் கழுத்துவரை சுற்றி மடியில் வைத்தான். எஞ்சினுக்குள் விட்டுத் தழும்பேறிய முரட்டு விரல்கள், தாடையை எவ்வளவு பதமாகப் பிடித்தன! ஸுஹைறா சிரிஞ்சை வாயோரம் வைத்துச் சிறிது அழுத்தினாள். சுல்தான் விழுங்கியது. ஒரு மிடறு. இன்னொன்று. "மெதுவா விடச் சொல்லு சுல்தான்" என்றான் அவன். "உன்ட தலையக் கொஞ்சம் உசத்தச் சொல்லு" என்றாள் அவள். இப்படி ஒரு கூத்து. பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். அந்த இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது சிரிஞ்சு முடிந்தபோது சுல்தான் மூக்கை நீட்டி, அவனுடைய கக்கத்துக்குள் தலையைச் செருகியது. தன் மடியில் மட்டும் செய்கிற வேலை அது என்று ஸுஹைறா நினைத்திருந்தாள். ஒரு நாளில் வருகிற பழக்கமில்லை. அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வழமையாவது மண்ணாங்கட்டியாவது! நேரே அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்கதானே பிஸ்கட் குடுத்த?"

"ஓம் மாமி."

மறுக்கவில்லை. முயலைப் பிடித்த கையும் தளரவில்லை. மறுப்பான், அப்போது பிடித்து உலுப்பலாம் என்றிருந்த ஸுஹைறா அடுத்த குற்றத்தை எடுத்துப் போட்டாள்.

"கூட்ட எடுக்கோணும் எண்டும் சொன்னீங்க."

"ஓம், ஆரம்பத்தில சொன்னன்தான்." அவன் சுல்தானின் நெற்றியைப் பெருவிரலால் தடவினான். "விடிய சுபஹுத் தொழுதுபோட்டு வந்து கிணத்தடியில தேத்தண்ணி குடிப்பன். என்னக் கண்டா இவன் கூட்டுக் கம்பியில கால வச்சி எழும்பி வருவான். இந்த வீட்டில நான் வந்தா எல்லாரும் எழும்பி உள்ளுக்குப் போவாங்க மாமி. எழும்பி வாறது இவன் ஒருத்தன்தான். அதுதான், என்ட தேத்தண்ணி பிஸ்கட்டில பாதிய ஒவ்வொரு நாளும்... நோகும் எண்டு எனக்குத் தெரியா."

ஸுஹைறா சிரிஞ்சைத் தட்டில் வைத்தாள். எல்லாரும் என்றால் யார்? அந்த வீட்டில் எழும்பி உள்ளே போகிறவள் அவள் ஒருத்திதானே. எத்தனை அந்திக்கு இவன் களைத்து வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்த, அவள் பாதித் தேத்தண்ணீரோடு எழும்பி ஓடியிருப்பாள்! மரியாதை என்றுதான் செய்தாள். அவளுடைய உம்மாவும் அப்படித்தான் செய்தார். மரியாதை செய்யப்பட்டவனிடம் அது என்ன செய்தது என்று யாரும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபம் யார்மேல் என்று பிடிபடவில்லை. "முயலுக்கு பிஸ்கட் குடுக்கிறதா, புத்தியில்லயா?" என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு இன்னும் புல் அரைக்க எழும்பினாள்.

மத்தியான லுஹர் நேரம் போனது. சிரிஞ்சு, தடவல், மறுபடியும் சிரிஞ்சு. சுல்தான் விழுங்கியதே தவிர, மற்றப் பக்கத்தால் ஒன்றும் வரவில்லை. கீழே விரித்த வெள்ளைத் துணி வெள்ளையாகவே கிடந்தது. பின்னேரம் அஸர் பாங்கு சொன்னதும் ஸுஹைறா முன்வீட்டுக்குத் தொழப் போனாள். நெற்றியைத் தரையில் வைத்த ஸுஜூதில் என்ன ஓதினாளென்று அவளுக்கே தெரியாது. புழுக்கைக்காக அல்லாஹ்விடம் அழுதாள்.

"மாமி! மாமி!"

பின்னறையில் கத்தினான். முசல்லாப் பாயைச் சுருட்டவும் இல்லை, ஓடினாள். றிபாஸ் உள்ளங்கையை நீட்டினான். அதில் கறுப்பாய், சின்னதாய் ஒன்று, இரண்டு.

ஸுஹைறாவின் புத்தியைப் பாருங்கள். முதலில் நினைத்தது அல்ஹம்துலில்லாஹ் என்று அல்ல. நான் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்தா விழுந்தது? கிணற்றடிக் குப்பையில் பழைய புழுக்கை கொட்டிக் கிடக்கிறதே. தன்மேல் பழி வராமல் இருக்க இவன் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தால்? செத்தல் மிளகாயைச் சோதிக்கிற அதே கையால் ஒன்றை எடுத்து, விரல்களுக்கு இடையில் வைத்து அழுத்தினாள். றிபாஸ் அசையாமல் அவளுடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் என்ன செய்கிறாள், ஏன் செய்கிறாள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். கையை மடக்கவில்லை, மீதி ஒன்றையும் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றான்.

பழையது இப்படி நசியாது. இது நசிந்தது. விரல் நுனியில் ஈரமும் சூடும் ஒட்டின.

"சூடா இரிக்கி, மருமகன்" என்றாள்.

"ஓம் மாமி" என்று சொல்ல வாயெடுத்தவன், துவாயால் முகத்தை மூடிக்கொண்டான். ஸுஹைறா எழும்பிப் போகவில்லை. கழுவாத கையோடு அந்தப் பாயிலேயே, அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.