ஜெபத்தில் குறுக்கிட முடியாது

எங்கள் சபையில் அதற்கு 'ஊழியப் பயணம்' என்று பெயர். பயணம் என்றால் என்ன, தி.நகரில் பஸ் ஏறி, ஆழ்வார்பேட்டை சிக்னலில் வெந்து, மயிலாப்பூரில் இறங்குவதுதான். அதற்கு ஒரே நிற டி-ஷர்ட், வழியனுப்பு ஜெபம், குரூப் போட்டோ வேறு. வெளியூர் வாலிபர்கள் சிலர் எங்களோடு சேர்ந்துகொண்டதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கோடை விடுமுறையில், ஓர் அநாதை இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார முகாம். பாட்டு, வேதக் கதை, கைவேலை, மதியம் பிரியாணி.

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. ஆபீஸில் கெஞ்சி லீவு வாங்கி வந்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று முதல் நாளே உள்ளுக்குள் குடைச்சல். கைதட்டிப் பாடும்போதே கண் போனுக்குப் போகும். தகரக் கூரை வெயில் மண்டையைப் பிளந்தது. மைக்கோ தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

என்னைவிட மோசமாக ஒருத்தி இருந்தாள். என் குழுவில் பத்து வயதிருக்கும் பெண். கதை நடக்கும்போதே எழுந்து வாசல் கேட் அருகே போய் நிற்பாள். கூப்பிட்டால் வருவாள், கொஞ்ச நேரத்தில் மறுபடி காணாமல் போவாள். வந்தால் ஒரே கேள்விதான்.

"அக்கா, இன்னும் எத்தினி நாள் கீது இது?"

நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து வண்ணக் காகிதம் வெட்டிக்கொண்டு வந்தால் இவளுக்கு எப்போது முடியும் என்று கவலை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உனக்கு இன்னா அவசரம்? ரயில் புடிக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்கம்மா வேலை செய்ற வூட்டுக்காரங்க ஊருக்குப் போய்க்கிறாங்க. இந்த வாரம் மட்டும்தான் அம்மா வூட்ல கீது. நீங்கல்லாம் வந்துட்டீங்கன்னு என்னை அனுப்ப மாட்டேன்றாங்க."

அம்மாவா? விசாரித்தேன். ஆற்றோரம் இருந்த குடிசையை இடித்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்திருக்கிறார்கள். அப்பா இல்லை. அம்மா அடையாறில் ஒரு வீட்டோடு தங்கி வேலை செய்கிறாள். பெண்ணை அந்த மாடியில் தனியாக விடப் பயந்து இல்லத்தில் சேர்த்திருக்கிறாள். வருஷத்துக்கு இந்த ஒரு வாரம்தான் இருவரும் ஒன்றாக இருப்பார்கள்.

இல்லப் பொறுப்பாளரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நேரே அவரிடம் போனேன்.

"தெரியும் சிஸ்டர். பாதிப் பிள்ளைங்களுக்கு யாராவது ஒருத்தர் இருக்காங்க. எல்லாரையும் அனுப்பிட்டா உங்க முகாமுக்கு யாரு உட்காருவா? நீங்களும் இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க."

"நான் தி.நகர்லேருந்து வரேன் அண்ணே."

அவர் சிரித்தார். முகாம் முடிந்ததும் அனுப்பலாம் என்றார். முகாம் முடிகிற அன்று அவள் அம்மாவின் லீவும் முடிந்துவிடும். அதைச் சொன்னேன். அவர் பந்தி போடக் கிளம்பிவிட்டார். எங்கள் குழுத் தலைவரிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். அவர் பரிவோடு கேட்டுவிட்டு, "ஜெபத்துல வைப்போம்" என்றார். எங்கள் ஆட்கள் அப்படிச் சொல்லிவிட்டால் அந்த விஷயம் கிணற்றில் போட்ட கல்தான். எனக்கு எரிச்சலில் அழுகையே வந்தது. அந்தப் பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரித்து வைத்திருப்பதே எங்கள் முகாம்தான், அதில் நான் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன்.

மறுநாள் இல்லத்துக்கு உதவி செய்கிறவர்கள் வந்திருந்தார்கள். பட்டுப் புடவைகள் முன்வரிசையில். பிள்ளைகளில் ஒருவர் முடிவு ஜெபம் செய்ய வேண்டும். அண்ணன் அவளைத்தான் கூப்பிட்டார், தடங்கல் இல்லாமல் ஜெபிப்பாள் என்பதால். எல்லோரும் கண்ணை மூடினோம்.

"அன்புள்ள பரலோகப் பிதாவே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். வந்திருக்கிற அண்ணன்மார் அக்காமாரை ஆசீர்வதியும்."

"ஆம் ஆண்டவரே" என்றார்கள் பெரியவர்கள், வழக்கம்போல.

"அவங்களைப் பத்திரமாய் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தருளும். சீக்கிரமாய்ச் சேர்த்தருளும். இன்னிக்கே சேர்த்தருளும்."

"ஆம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அண்ணனும் திறந்திருந்தார். மைக்கை வாங்கக் கை நீண்டது, பாதியில் நின்றது. பேச்சென்றால் பிடுங்கலாம், ஜெபத்தில் யார் குறுக்கிடுவது?

"அவங்க போனாத்தான் எங்கம்மாகிட்ட விடுவாங்களாம் ஆண்டவரே. அது வூட்ல தனியா கீது. இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் நல்ல பிதாவே, ஆமென்."

ஆமென் என்று முழுச் சபையும் சொன்னது. அப்புறம்தான் என்ன சொன்னோம் என்பது ஒவ்வொரு முகத்திலும் ஏறியது. முன்வரிசையில் ஓர் அம்மாள், "அந்தக் குழந்தையை ஏன் அனுப்பலை?" என்று சத்தமாகவே கேட்டார். அண்ணன் போனை எடுத்தார்.

சாயங்காலம் அம்மா வந்தாள். வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டருகே நின்று பெண்ணை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளை எனக்கு டாட்டா காட்டக்கூட இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்று நாளில் முதல்முறையாக ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை கூட்டம் தொடங்கும்போது, "இன்னிக்கு யார் ஜெபம் பண்றீங்க?" என்று கேட்டேன். எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் மேலே போயின. போவதற்கு வீடு இல்லாத பிள்ளைகளின் கைகளும்தான். யாரைக் கூப்பிடுவதென்று தெரியாமல், மைக்கைப் பிடித்தபடி நின்றேன்.