மூன்று பெயர்களில் ஒரு குரோட்டன்ஸ்

2006 ஜனவரி. மலர்க் கண்காட்சிக்கு இன்னும் மூன்று நாள். நான்கு மாதம் புத்தகம் புரட்டி நான் பெயர் உறுதி செய்த இருபத்தைந்து குரோட்டன்ஸ் வகைகளில் மூன்று, ஒரே செடி என்று அன்றுதான் தெரிந்தது.

உழவர்கரையில் ஒரு நர்சரியில் நான் சூப்பர்வைசர். முதலாளி காதர் பாய். இருபத்தைந்து வகை, ஒவ்வொன்றுக்கும் சரியான பெயர். இதுதான் போட்டி விதி. இரண்டு முறை கோப்பையைத் தவறவிட்டவர் பாய். எங்களிடம் இருந்ததும் சரியாக இருபத்தைந்துதான்.

தொட்டிகளில் பழைய லேபிள்கள் இருந்தன. அவற்றைச் சரிபார்க்க எனக்குக் கிடைத்தது நூறு வயது தாண்டிய ஒரு பிரெஞ்சுப் புத்தகம். அதிலிருந்த படங்கள் ஐரோப்பாவில் கண்ணாடி வீட்டுக்குள் வளர்ந்த செடிகளைப் பார்த்து வரைந்தவை. நம்மூர் வெயிலை அறியாத செடிகள். போதாததற்கு, சிவப்பெல்லாம் காவியாக வெளுத்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்து, தேதி போட்டு, இலை நீளம், நரம்பின் நிறம் எல்லாம் நோட்டில் எழுதி ஒவ்வொன்றாக டிக் அடித்தேன்.

இலை துடைக்கத் தொட்டிகளை ஒன்றாகக் கொண்டுவந்து வைத்த அஞ்சலை சிரித்தார். எங்கள் நர்சரியில் தண்ணீர் ஊற்றுகிறவர்.

"அம்மாவும் ரெண்டு புள்ளைங்களும் ஒண்ணா போட்டிக்குப் போறாங்க, சார்."

"யாரும்மா?"

"இதோ, இந்த மூணும். போன வருசத்துக்கு முந்துன மழையில ரெண்டு தொட்டி செத்துப்போச்சு. காலியா இருந்தா பாய் கத்துவாரு. மாடியில நின்னதுலேர்ந்து ரெண்டு குச்சி ஒடிச்சு நட்டுட்டேன்."

"லேபிள எடுக்கலியா?"

"நல்லாத்தானே இருந்துச்சு? அத ஏன் புடுங்கணும்?"

மாடி வெயிலில் நின்றது சிவப்பு. கிணற்றோரம் நின்றது ஆரஞ்சு. ஷேடு நெட்டுக்குக் கீழே நிழலில் இருந்தது பச்சையில் மஞ்சள். வெயிலின் அளவுக்கு ஏற்ப ஒரே செடி மூன்று நிறம் காட்டியிருக்கிறது. மூன்றுக்கும் புத்தகத்தில் பொருத்தமான படம் கண்டுபிடித்தவன் நான்!

பாயிடம் போய்ச் சொன்னேன்.

"அஞ்சலைக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நாலாவது ஆளுக்கு ஏன் சொல்றீங்க?" என்றார்.

கண்காட்சியில் நடுவராக வந்தவர் ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர். கையில் அதே புத்தகத்தின் ஜெராக்ஸ், அதுவும் கறுப்பு வெள்ளையில். எனக்கு மனசு கேட்கவில்லை.

"சார், இந்த மூணும் ஒரே செடிங்க. எங்க தப்பு."

பாய் என் காலை மிதித்தார். பேராசிரியர் பக்கங்களைப் புரட்டினார்.

"புக்குல தனித்தனியா இருக்கே. நீங்க அநாவசியமா சந்தேகப்படுறீங்க. லேபிள் ரொம்ப கரெக்ட்டு."

"அய்யா, நான்தான் ஒடிச்சு நட்டேன்," என்றார் தொட்டிகளோடு வந்திருந்த அஞ்சலை.

"நீ சும்மா இரும்மா."

முதல் பரிசு எங்களுக்கு.

"படிச்சவரே சொல்லிட்டாரு. இனிமே அது மூணு ரகம்தான்," என்று கோப்பையை என் கையில் திணித்தார் பாய். போட்டோவில் நான் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாளே எல்லா லேபிளையும் பிடுங்கினேன். புதிய லேபிளில் முதல் வரி: எந்தத் தாய்ச்செடியிலிருந்து எடுத்தது. இரண்டாவது: நட்ட தேதி, நட்டவர் பெயர். செடியின் பெயர் கடைசி வரியில். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் இரண்டு வரி தெரியாவிட்டால் மூன்றாவதை எழுதாதீர்கள். எங்கள் நர்சரியில் பதினொரு தொட்டிகளுக்கு அந்த வரி இன்றுவரை காலிதான்.