ஜெபக்குறிப்பில் என் குடல்

ஒரு பெண்ணின் குடல் எத்தனை பேருக்குச் சொந்தம் என்பதை, இளங்கலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது வந்த டிசம்பர் விடுமுறையில்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை அது என்னுடையது மட்டுமே என்ற எளிய நம்பிக்கையில் வாழ்ந்துவந்தேன்.

சேலத்தில் நான் தங்கியிருந்த மகளிர் விடுதியில் காலைநேரக் கழிப்பறை ஒரு பொது மேடை. கதவுக்கு வெளியே வரிசை நிற்கும். வரிசையில் நிற்பவர்கள் இரக்கமற்ற விமர்சகர்கள். "ஏன்டி, உள்ளயே குடித்தனம் வெச்சுட்டியா?" என்று கதவைத் தட்டுவார்கள். அந்தத் தட்டலுக்கு நடுவிலும் கடமையை முடித்துக்கொண்டு சிரித்தபடி வெளியே வரும் பெண்கள் இருந்தார்கள். அவர்களை நான் மனமார மதித்தேன், பின்பற்ற முடியவில்லை. கல்லூரிக் கழிப்பறையை வருணிக்க என் உரைநடைக்குத் துணிவு போதாது. ஆகவே எங்களில் பலர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம்: தண்ணீர் குடிக்காமலிருப்பது. காலைக் காபிக்குப் பிறகு மாலை விடுதி திரும்பும்வரை தொண்டையில் ஒரு சொட்டு இறங்காது. இதைச் சாமர்த்தியம் என்று கருதினோம். குடலின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

விடுமுறைக்கு ஏற்காட்டு மலையிலுள்ள எங்கள் ஊர் நாகலூருக்கு வந்தேன். அப்பா அங்கே ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். காலை ஏழு மணிக்கு ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது அவர் பணி. அந்த மஸ்டர் நடக்கும் களம் எங்கள் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே. எங்கள் கழிப்பறை அந்தக் களத்தின் மறுகரையில், சில்வர் ஓக் மரங்களின் அடியில். இரண்டையும் எதிரெதிரே கட்டியவர் யாரென்று தெரியவில்லை; மனித உடலைப் பற்றி அவர் அதிகம் யோசித்தவராகத் தெரியவில்லை.

பழம் பறிக்கும் பருவத்தில் களம் நிறைந்திருக்கும். கையில் வாளியோடு அதைக் கடக்கும் ஒருத்தியைப் பார்த்து, "ஏனுங்க சாமி, எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்பது இங்கே மரியாதை. வாளி கண்ணுக்குத் தெரிந்த பிறகும் கேட்பார்கள். கேட்காமலிருந்தால்தான் குறை. என் உடலோ நேரம் தவறாமையில் அப்பாவைப் போல. அதற்கும் ஏழு மணிதான். களம் கலையட்டும் என்று காத்திருப்பேன். களம் கலையும்போது என் தேவையும் கலைந்துவிடும்.

வயிறு கல்லாகி வலி தொடங்கியபோது அம்மா என்னைப் பஸ்ஸில் ஏற்றி ஏற்காடு டவுனிலிருந்த ஒரு சிறு மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். இசப்கோல் உமி சாப்பிடச் சொன்னார். பழம் சாப்பிடச் சொன்னார். "திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்போம். இல்லேன்னா எனிமா கொடுத்துடலாம்" என்றார். கொடுக்கப்போகிறவர் அவர் அருகிலேயே நின்றிருந்தார். எங்கள் ஆலயத்துப் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்கும் நர்ஸ் அக்கா. கிறிஸ்துமஸுக்கு ஒரே பாட்டுப் புத்தகத்தை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்துகொண்டிருந்தோம். திங்கட்கிழமை எனிமா கொடுத்தவரோடு புதன்கிழமை ஒரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. திங்களுக்குள் என் குடல் மனம் மாறியாக வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். முடிவில் ஒவ்வொரு குடும்பமும் தன் தேவையைச் சொல்ல, மற்றவர்கள் அதற்காக ஜெபிப்பார்கள். ஒருவர் மகனின் வேலைக்காகக் கேட்டார். இன்னொருவர் கூரை ஒழுகுவதற்காகக் கேட்டார். "வேற ஜெபக்குறிப்பு இருக்குங்களா?" என்று பாஸ்டரம்மா கேட்டபோது அம்மா எழுந்தாள். நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். விசுவாசிகளை இழுத்து உட்காரவைக்க முடியாது.

"எம் புள்ளைக்கு வெளியில போயி நாளாச்சுங்க. நொம்பச் செரமப்படறா. திங்கக்கெழமைக்குள்ள கர்த்தர் ஒரு வழி தெறக்கோணும்."

பாஸ்டரம்மாவின் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. கண்களை மூடி, கடலையே பிளந்த ஆண்டவருக்கு இது பெரிய காரியமில்லை என்பதை அவருக்கே நினைவுபடுத்தினார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நர்ஸ் அக்காவின் ஆமென் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது.

"எதுக்குக் கண்ணு மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க?" என்றார் அவர், காபி வந்தவுடன். "திங்கக்கெழமை எனக்கு மார்னிங் டூட்டிதான். நம்ம புள்ளைய வேற ஆளுகிட்ட உட்டுருவனா?"

ஜெபத்துக்கு வராவிட்டாலும் காபிக்குத் தவறாமல் வரும் ஜீப் டிரைவரின் மனைவி வாசற்படியிலிருந்தே தீர்ப்புச் சொன்னார்: "எனிமா எதுக்குங்க? நிலாவரைப் பொடி இருக்குதுங்க எங்கூட்டுல. குப்பனூர்ல எங்க மாமனார் காயவெச்சு இடிச்சது. ஒரு சிட்டிகை போதும், படுத்த மாடு எந்திரிச்சு ஓடும்."

"எம் புள்ள மாடு இல்லீங்க, பி.ஏ. படிக்கறா" என்றாள் அம்மா.

"பி.ஏ.வுக்கு ரெண்டு சிட்டிகை போடலாமுங்க."

அறை முழுவதும் சிரித்தது. என் கல்வித் தகுதி ஒரு மருந்தின் அளவைத் தீர்மானித்த ஒரே தருணம் அதுதான்.

சனிக்கிழமை அப்பா டவுனிலிருந்து இசப்கோல் பொட்டலத்தோடு வந்தார். கையில் கொட்டிப் பார்த்தார். "உமிதான இது. உமியவா மருந்துன்னு விக்கறான்?" என்றார் அம்மாவிடம். எங்கள் வீட்டில் கடையிலிருந்து வரும் எதுவும் தன் சொந்தப் பெட்டியில் தங்க அனுமதியில்லை. அம்மா உமியைப் பழைய ஊறுகாய்ப் பாட்டிலுக்கு மாற்றினாள். சாப்பிடும் முறை அச்சிட்டிருந்த அட்டையை விறகடுப்பில் போட்டாள். அதன் பிறகு முறை எங்கள் கண்டுபிடிப்பாக இருக்கவேண்டிய நிலை ஏற்பட்டது.

கண்டுபிடித்தோம். டிசம்பரில் பச்சைத்தண்ணீர் குடித்தால் நெஞ்சில் சளி கட்டும் என்பது மலையில் ஒருவரும் மறுக்காத உண்மை. காபி விளையும் ஊரில் குடிப்பதற்கென்று வேறு ஒன்று தேவையா என்பதும் நியாயமான கேள்வியே. ஆகவே அரை டம்ளர் கடுங்காபியில் ஒரு கரண்டி உமி. சேற்றுக் குட்டைக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் தவளை முட்டைகள் போல அது மிதந்தது. பலன் தெரியாததால் அடுத்த முறை இரண்டு கரண்டி. வெந்தயத்தையும் யாரோ சொன்னார்கள். ஊறவைக்க நேரமெடுக்கும் என்பதால் வாயில் போட்டு மென்று விழுங்கச் சொன்னாள் அம்மா. டாக்டர் சொன்ன பழத்துக்கு ஆரஞ்சு இருந்தது. அன்பு மிகுந்த அம்மா ஒவ்வொரு சுளையின் மேல்தோலையும் வெள்ளை நாரையும் உரித்து, எனக்கு வேலை செய்யக்கூடியது அனைத்தையும் எங்கள் வீட்டு ஆட்டுக்குப் போட்டுவிட்டு, மிஞ்சிய இனிப்பை மட்டும் எனக்கு ஊட்டினாள். ஆட்டுக்கு எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

அன்று மாலை, வெல்லத்தில் உருட்டிய நிலாவரையும் என் வாய்க்குள் வந்தது. அடுத்த நாள் ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் முறை என்னுடையது என்று எவ்வளவோ சொன்னேன்.

"வாசிக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிரும் சாமி" என்றாள் அம்மா.

முடியவில்லை. ஞாயிறு காலையில் வாசிப்பு மேடையில் நின்றபோது வயிற்றுக்குள் இடி உருண்டது. ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் இடையே நான் எப்போதும் விடும் அளவான மௌனத்தில் அது முன்வரிசைவரை கேட்டது. வயிறு முறுக்கியது, மேடையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு வாசித்தேன். அத்தனை இடிக்கும் ஒரு துளி மழை இல்லை. தள்ளுவதற்கு ஆளாக நிலாவரை வந்துவிட்டது, தள்ளப்படவேண்டியது கருங்கல்லாகக் கிடந்தது. இறங்கி வரும்போது பாடகர் குழுவிலிருந்து நர்ஸ் அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பாட்டுக்கு இடமில்லை. நாளைக்கு எந்தக் குழாய் என்று அளவெடுப்பதுபோல் இருந்தது.

அன்று மதியம் அம்மா மீண்டும் உமியைக் கலக்கக் கிளம்பினாள். காபி தீர்ந்திருந்தது. புதிதாகப் போட்டுக்கொண்டு வந்து அதில் கலப்பதாகச் சொல்லி, சூடான தண்ணீர் ஒரு டம்ளரில் உமியைக் கொட்டி என் எதிரில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குள் டிரைவரின் மனைவி என்னை வாசலுக்குக் கூப்பிட்டு நிலாவரையின் செயல்பாட்டை விசாரித்ததால் பேச்சு நீண்டது. திரும்பி வந்து டம்ளரைச் சாய்த்தேன். ஒன்றும் விழவில்லை. கவிழ்த்தேன்; அப்போதும் விழவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதையும் குடித்து, உமி வழுவழுப்பான கூழாகி உறைந்திருந்தது.

கவிழ்த்த டம்ளரின் அடியைத் தட்டிப் பார்த்தேன். ஒரு கரண்டி உமிக்கு இவ்வளவு தண்ணீர் வேண்டுமென்றால், எனக்குள் போன உமி எதைக் குடித்தது? அங்கே இருந்தது கொஞ்சம் கடுங்காபி. அதற்கு முன்னால் மாதக்கணக்கான வறட்சி. நாங்கள் மருந்து என்று நினைத்துச் சுவருக்கு மேல் பூச்சு பூசிக்கொண்டிருந்தோம்.

"எனக்குத் தண்ணி வேணும்மா. நெறைய."

"பச்சத்தண்ணியா? இந்தப் பனியிலயா? நெஞ்சுல கட்டிக்கிட்டுக் கெறிஸ்மசுக்கு எப்படிப் பாடுவ?" அம்மா அப்பாவிடம் முறையிட்டாள். "ஏனுங்க, இவ என்ன கேக்கறான்னு பாருங்க!"

அப்பா கவிழ்ந்த டம்ளரை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். உமியைப் பற்றிய அவருடைய அபிப்பிராயம் சற்று உயர்ந்ததுபோல் தெரிந்தது. "வெந்நியாக் காச்சிக் குடு. குடிச்சுப் பாக்கட்டும். சளி புடிச்சா அதுக்கு எனிமா கெடையாது" என்றார். அவர் வழங்கிய தீர்ப்புகளிலேயே தெளிவானது அது.

குடித்தேன். உமியைத் தளரக் கரைத்து, கெட்டியாகும் முன் குடித்து, அதன்மேல் இன்னொரு டம்ளர். பிறகு பிளாஸ்க் தீரத் தீர. ஊறிய வெந்தயம், நாரோடும் தோலோடும் ஆரஞ்சு. இரவுக்குக் கேழ்வரகுக் களி. நிலாவரைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டேன். அம்மா ஒவ்வொரு டம்ளருக்கும் என் நெஞ்சைத் தடவிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை விடிந்தது. முற்றத்துக்கு அப்பால் மஸ்டர் தொடங்கியது. அப்பாவின் குரல் பனிக்குள் பெயர்களை அடுக்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான், எந்த நாகரிகமும் பாராமல், என் குடல் மனம் மாறியது. களம் கலையும்வரை காத்திருப்பது என்ற என் பழைய சாமர்த்தியத்தை அரைக்கணம் யோசித்தேன். காத்திருந்தால் அடுத்த நிறுத்தம் நர்ஸ் அக்காவின் கட்டில். வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

களத்தில் எஸ்டேட்டே நின்றிருந்தது. அப்பா பெயர் கூப்பிடுவதை நிறுத்தினார். எங்கே கிளம்பிவிட்டேன் என்று யாரும் கேட்கவில்லை. நான் எங்கே போகிறேன் என்பது எல்லோருக்கும் வெள்ளிக்கிழமையே தெரிந்திருந்தது. கூடையை இடுப்பில் இடுக்கிய ஒருத்தி பக்கத்திலிருந்தவளைத் தள்ளி வழி உண்டாக்கினாள்.

"தள்ளுங்க, தள்ளுங்க. போங்க சாமி, நீங்க போங்க."

ஊர்வலம் போகும் மரியாதையோடு கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நிமிர்ந்த தலையோடு கடந்தேன். மற்றது நலமாக முடிந்தது.

ஆனாலும் டவுனுக்குப் போகவேண்டியிருந்தது; வருவதாகச் சொல்லியிருந்தோம், வராவிட்டால் நர்ஸ் அக்கா வீடு தேடி வந்துவிடுவார் என்று அம்மா பயந்தாள். அங்கே ரப்பர் குழாய், சோப்புத் தண்ணீர் எல்லாம் தயாராக இருந்தன.

"வந்துட்டியா கண்ணு? போயி அந்தக் கட்டில்ல படு."

"வேண்டாங்க அக்கா. சரியாயிடுச்சு."

"கொழாயப் பாத்ததும் எல்லாருக்கும் சரியாயிடும்." அவர் அசையவில்லை. "எப்பப் போச்சு? எவ்வளவு? கெட்டியா, எளக்கமா? வலி இருந்துச்சா? மிச்சம் இருக்கறாப்புல இருக்குதா?"

கதவு திறந்திருந்தது. வெளிப் பெஞ்சில் காத்திருந்த நோயாளிகள் இருமுவதை நிறுத்திவிட்டார்கள். அம்மா எனக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தாள். அவள் சொன்னால் அதில் கர்த்தர் வருவார், ஜெபம் வரும், உண்மையான அளவு வராது; அக்கா நம்பமாட்டார். நம்பாவிட்டால் கட்டில்தான். எனவே நானே சொன்னேன். நேரம், அளவு, தன்மை, வலி, மிச்சம் என்று அவர் கேட்ட வரிசையிலேயே, முழு வாக்கியங்களில், எந்தச் சொல்லையும் தவிர்க்காமல் சொன்னேன். உமியையும் வெந்நீரையும்கூட விட்டுவைக்கவில்லை. இலக்கியம் படிக்கும் எவளும் தன் வருணனைத் திறனை இப்படி ஒரு பொருளில் செலவிட்டிருக்கமாட்டாள். முடித்தபோது அக்கா என் வயிற்றை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, சற்று ஏமாற்றத்தோடு குழாயைச் சுருட்டினார்.

"சரி, போ. காலேஜுல தண்ணி குடிக்கறியா இல்லியா?"

"இனிமே குடிக்கறேங்க."

வெளியே வந்தேன். பெஞ்சில் இருந்த எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. இதற்கு மேல் மறைக்க என்னிடம் எதுவும் மிச்சமில்லை என்பதில் ஒரு விசித்திரமான வசதி இருந்தது. வாழவந்தியிலிருந்து வந்திருந்த ஒரு விவசாயி, மப்ளரைக் காதிலிருந்து விலக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க சாமி, அந்த உமியை எப்படிச் சாப்பிடோணும்? எனக்கும் கொஞ்ச நாளா…"

மற்ற இருவர் கேட்காததுபோல் கேட்டார்கள். அம்மா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். விவசாயி நகர்ந்து, பெஞ்சில் எனக்கு இடம் விட்டார். உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன்.