அம்மா ஏறாத கப்பல்

உழக்கிலிருந்து பித்தளைப் பாத்திரத்தில் அரிசி சரசரவென்று விழ, கூடவே "ஒந்நு" என்று அம்மாவின் குரலும் கேட்டால்தான் செங்கோட்டையில் எங்கள் வீடு விழித்துவிட்டது என்று பொருள். அப்பாவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்த குடும்பம். அங்கே எதை அளந்தாலும் முதல் அளவை "ஒண்ணு" என்று சொல்லமாட்டார்கள், "லாபம்" என்பார்கள், பிறகுதான் ரெண்டு, மூணு. அம்மா மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூர்க்காரி. ரப்பர்த் தோட்டத்துக் குடியிருப்பில் கடை அரிசி தின்று வளர்ந்தவளுக்கு இந்த வழக்கம் கிடையாது; கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழிந்தும் அவளுடைய "ஒந்நு" மாறவில்லை. அத்தைமார் வந்தால் "மலையாளத்தா அளந்த சோறு" என்று கேலி செய்வார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள், ஆனால் அவர்கள் இருக்கும்போது மட்டும் வாய்விட்டு எண்ணமாட்டாள்.

ஆறாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்காக ஒரு கதைப்போட்டி வைத்தார்கள். தலைப்பு, நூறு வருஷத்துக்குப் பிறகு இந்தியா. கடல் பொங்கி நாடு முழுகுவதாகவும், இந்தியர்களை ஏற்றிக்கொண்டு செவ்வாய்க் கிரகத்துக்குப் போகக் குற்றால மலை உச்சியில் ஒரு கப்பல் நிற்பதாகவும் எழுதினேன். கூட்டத்தில் வேற்று நாட்டு ஒற்றர்களும் கலந்துவிட்டார்கள். நம் ஆள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டுமே! வாசலில் ஓர் இயந்திரம் ஆளுக்கு ஓர் உழக்கைக் கொடுத்து அரிசி அளக்கச் சொல்லும். "லாபம்" என்று தொடங்கினால் கதவு திறக்கும். "ஒந்நு" என்றால் சிவப்பு விளக்கு எரியும்.

அந்தக் கணக்கில் டெல்லிக்காரர், பஞ்சாபி, வங்காளி ஒருவர்கூடக் கப்பலேறியிருக்க முடியாது என்பது பதினோரு வயது மூளைக்கு எட்டவில்லை. எனக்கு இந்தியா என்றால் செங்கோட்டை, தென்காசி, மிஞ்சிப்போனால் பாவூர்சத்திரம். ஒற்றனைப் பிடிக்க ஒரு சொல் தேவைப்பட்டது, அது வீட்டுக்குள்ளேயே கிடைத்தது, எடுத்துக்கொண்டேன்.

முதல் பரிசு எனக்கு. மேடையில் வாசிக்கச் சொன்னார்கள். அம்மா கசவுச் சேலை உடுத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அந்த "ஒந்நு" வந்த இடத்தில் அவளைப் போலவே இழுத்துச் சொன்னேன்; அரங்கமே சிரித்தது, தெருக்காரர்கள் சிலர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினாள். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் கேட்டாள்:

"அப்போ நான் கீழ நிக்கணும், அல்லே மோளே?"

"ஏட்டி, ஒங்கம்மைய இங்கன விட்டுட்டு, செவ்வாயில போயி யாருட்ட சோறு கேப்ப?" என்று அப்பா சிரித்தார். நான் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தேன்.

மறுநாள் காலை அரிசி விழுந்தது, குரல் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோல மெதுவாக "லாபம்" என்றாள். அடுத்தது என்ன என்று தயங்கி, உழக்கைக் கவிழ்த்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, எண்ணிக்கை தப்பி, அன்றைக்குப் பத்துப் பேர் சாப்பிடுகிற அளவுக்குச் சோறாகிவிட்டது.

"பழையபடியே எண்ணும்மா" என்று அழுதேன்.

"வேண்டா மோளே. கப்பல் போயிரும்லா" என்று என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். அவள் கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

இப்போது தென்காசியில் அம்மாவோடு இருந்துகொண்டு நான் எழுதுவதும் எதிர்காலக் கதைகள்தான். என் காலத்து எழுத்தாளர்கள் பலரின் கதைகளிலும் ஒரு வாசல் வந்துவிடுகிறது. அங்கே அட்டை கேட்கிறார்கள், கண்ணைப் படிக்கிறார்கள், நீ இந்த நாட்டு ஆள்தானா என்று கேட்கிறார்கள். என் கதைகளில் வரும் வாசலைத் துணிச்சலான கற்பனை என்று யாராவது பாராட்டினால் கூசிப்போகிறேன். அதைக் கற்பனை செய்ய நான் சிரமப்பட்டதே இல்லை.

அம்மாவைப் புனலூரிலிருந்து கொண்டுவந்த மீட்டர்கேஜ் வண்டி போய்விட்டது. உழக்கு எந்தப் பரணில் கிடக்கிறதோ; குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கோப்பையில்தான் அளக்கிறோம். போன மாதம் அந்தக் கப்பலை மறுபடியும் எழுதினேன். இந்த முறை இயந்திரம் இல்லை. வாசலில் ஒரு புனலூர்க்காரி நின்று, ஏறுகிற எல்லோருக்கும் "ஒந்நு, ரண்டு" என்று அரிசி அளந்து போடுகிறாள். கண் மங்கிய அம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டினேன். "கொள்ளாம், நல்லாருக்கு" என்று தலையாட்டிவிட்டு, உலை வைக்க எழுந்து போனாள். கோப்பை அரிசிக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"லாபம்" என்றாள் அம்மா, கொஞ்சமும் தடுமாறாமல், எங்கள் அத்தைமார் சொல்வதைப் போலவே.