கிளட்சோடு போட்ட சண்டை

எங்கள் சின்ன காரில் பெரிய டீசல் இன்ஜினை மாட்டியது என் கணவர். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கல் போல இறுகிய கிளட்ச் என் காலுக்கு வந்தது. மிதித்து மிதித்து முழங்கால் வீங்கும். "இதெல்லாம் ஒரு வண்டியா?" என்று அவரைத் திட்டிக்கொண்டேதான் தினமும் ஓட்டுவேன்.

நாரணாபுரத்தில் எங்களைச் சுற்றிப் பட்டாசு கம்பெனிகள். வெல்டிங் தீப்பொறி ஆகாதென்று அங்கே பட்டறையே கிடையாது. அதனால் ஆமத்தூர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் கேபிளை மாற்றி, கேபிள் இழுக்கிற லிவரையும் வெட்டி, நீளமாக்கி வெல்டிங் வைத்தார்.

"மிதிச்சுப் பாருங்கக்கா. இனிமே நோவாம ஓட்டுவீக."

கால் வைத்ததும் அமுங்கியது. கிளம்பினேன். ரயில்வே கேட்டில் நிறுத்தியதும் பழக்கத்தில் வாய் திறந்தேன். திட்ட ஒன்றுமில்லை. வீடு வந்து சேரும்வரை அவரோடு பேச எனக்கு எதுவுமே கிடைக்கவில்லை.