மருந்து கொடுக்காத டாக்டர்

அம்மாவுக்கு வயிற்று வலி. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் கையை வைத்துக் காட்டுவாள். மறுநாள் கேட்டால் கை வேறோர் இடத்தில் இருக்கும். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். சொல்லிவிட்டு ரோஸ் நிற மிக்சரும் கொடுத்தார்கள். மாதா கோயிலில் மந்திரித்த எண்ணெயைத் தடவினோம். வலி போகவில்லை. ஒன்றுமில்லாதது எப்படி வலிக்கும் என்று ஒன்பது வயதில் எனக்கு ஒரே குழப்பம்.

அப்போது ராயபுரத்தில் குடியிருந்தோம். நைனா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டினார். அவருடைய தம்பிகள் இருவருக்கும் அங்கேதான் வேலை. ஆளுக்கொரு ஷிஃப்ட் என்பதால் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் சாப்பிட உட்கார்ந்தபடியே இருப்பார். விதவையான அத்தையும் எங்களோடு இருந்தாள். அவளுக்கு ஜெபமாலை உருட்டவே நேரம் போதாது.

எண்ணூரில் ஓர் இயற்கை வைத்தியர் இருக்கிறார், மருந்தே கொடுக்க மாட்டார் என்ற செய்தியைச் சின்னச் சித்தப்பாதான் கொண்டுவந்தார். மருந்து கொடுக்காமல் ஒரு டாக்டர் என்ன செய்வார் என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. நோயாளி வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று வைத்தியர் சொல்லியனுப்பியிருந்தார். பூசையில் நற்கருணை அப்பம் வாங்கப் போகிறவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போன காலத்தில் வளர்ந்தவள் அத்தை. வெறும் வயிறு என்றால் அது புண்ணிய காரியம், கூடப் போகிறவர்களும் சாப்பிடக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அதனால் அம்மாவோடு நைனாவும் நானும் பட்டினி கிடந்தபடி பஸ் ஏறினோம். திருவொற்றியூர் தாண்டுவதற்குள் நைனாவின் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழக்கப்படி, மிக்சர் வாங்கக் கழுவிய காலி பாட்டில் ஒன்று என் மடியில் இருந்தது.

வைத்தியர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, ஃபுட்பால் ரெஃப்ரி மாதிரி இருந்தார். பாட்டிலைப் பார்த்துச் சிரித்தார். நீங்கள் இரண்டு பேரும் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார். நைனா கூரையைப் பார்த்தார்.

அவர் ஸ்டெதஸ்கோப்பைத் தொடவில்லை. அம்மாவை நாக்கை நீட்டச் சொன்னார், நகங்களைப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார். எத்தனை மணிக்கு எழுந்திருப்பது, வெளிக்கு ஒழுங்காகப் போகிறதா, கோபம் வருமா, வந்தால் என்ன செய்வது. கேள்வி அம்மாவைப் பார்த்து வரும், பதில் நைனாவிடமிருந்து போகும். கோபமெல்லாம் வராது சார், நல்லாத் தூங்கும் சார் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா எப்போது சாப்பிடுவாள் என்று கேட்டதும் நைனாவுக்குப் பதில் தெரியவில்லை. வைத்தியர் அவரைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வரும்படி அனுப்பிவிட்டார். பாட்டிலோடு மூலையில் உட்கார்ந்திருந்த என்னை யாரும் கவனிக்கவில்லை.

"இப்ப நீங்க சொல்லுங்கம்மா. எப்போ சாப்பிடுவீங்க?"

அம்மா யோசித்தாள். "அவுங்கல்லாம் சாப்ட்டப்புறம் சார்" என்றாள். அப்புறம், "நின்னுகினே எதுனா வாய்ல போட்டுக்குவேன்" என்றாள். சொல்லும்போதே அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதற்கு ஏன் அழ வேண்டும்? அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் எப்போது பார்த்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

ஒரு வாரம் இங்கேயே தங்கட்டும் என்றார் வைத்தியர். வயிற்றில் ஈர மண் பட்டி, காலை வெயில், பழம், மோர். உப்பு கிடையாது, மீனும் கிடையாது. மீனைவிட நைனாவை அதிகம் உலுக்கியது அந்த ஒரு வாரம்தான். வீட்டில் சமைக்க ஆளில்லையே என்றார். வைத்தியர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நைனாதான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

அந்த வாரம் அத்தை சமைத்தாள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சித்தப்பாக்கள் ஹோட்டலுக்குப் போனார்கள். எனக்கு அம்மா வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சின்னச் சித்தப்பா என்னை எண்ணூருக்கு அழைத்துப் போனார். வாசலிலேயே வைத்தியர், அம்மாவுக்குக் குணமாகிவிட்டது, இன்றே கூட்டிப் போகலாம் என்றார். நான் உள்ளே ஓடினேன். வேப்ப மரத்தடியில் கட்டில்களில் நாலைந்து பெண்கள் வயிற்றில் மண்ணோடு, கண்ணில் ஈரத்துணியோடு படுத்திருந்தார்கள். ஒருத்தி ஏதோ கதை சொல்லிக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. அதைத் தாண்டிப் போய் அடுத்த கட்டில்களில் அம்மாவைத் தேடினேன். அங்கே இல்லை. திரும்பி வந்து பார்த்தால், சிரித்தவள்தான் அம்மா.

கூப்பிட்டதும் துணியை எடுத்துவிட்டு என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். என் சட்டையெல்லாம் மண். எப்போது வீட்டுக்கு வருவாய் என்று கேட்டேன். அவள் கை மெதுவாக வயிற்றுக்குப் போனது.

"இன்னும் கொஞ்சம் வலி கீதுடி" என்றாள்.

எனக்குப் பின்னால் சித்தப்பாவும் வைத்தியரும் நின்றிருந்தார்கள். வைத்தியர் அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சித்தப்பாவிடம் திரும்பி, இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும், மண் வேலை செய்து முடிக்கவில்லை என்றார். இப்போதுதானே குணமாகிவிட்டது என்றார்? இந்த ஆளுக்கு ஒன்றுமே தெரியாது என்று முடிவு கட்டினேன்.

புறப்படும்போது அம்மா என் காதருகே குனிந்து, "மாதாகிட்ட எனக்காக வேண்டிக்கோ" என்றாள்.

"இன்னான்னு வேண்டிக்கணும்?"

"சும்மா வேண்டிக்கோ. அவுங்களுக்குத் தெரியும்."

சும்மா வேண்டிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு வலி உடனே போய்விட வேண்டும், அவள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று தினமும் பள்ளிவிட்டு வரும் வழியில் கோயிலில் முட்டி போட்டு, கண்ணை இறுக மூடி, மனமுருக வேண்டினேன். மாதா என்னைக் கைவிடவில்லை. வாரம் முடிந்து அம்மா வந்தாள். பையை வைத்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போனாள். காசிமேட்டிலிருந்து பெரிய சித்தப்பா வாங்கிவந்த வஞ்சிரம் காத்திருந்தது.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாம் என் வேண்டுதலால்தான் என்று சொன்னேன். எவ்வளவு உருகி வேண்டினேன் என்றும் சொன்னேன். மீன் அரிந்துகொண்டிருந்த கை நின்றது.

"நீதான் வேண்டிக்கினியா" என்றாள். என் கன்னத்தைப் புறங்கையால் தடவினாள். மறுபடியும் மீனை எடுத்துக்கொண்டாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வேண்டுதல் பலித்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினேன். எண்ணூர்க் கட்டிலில் படுத்துக்கொண்டு அம்மா மாதாவிடம் என்ன வேண்டிக்கொண்டிருப்பாள் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.