திருப்பி ஒட்டிய உறை

மகள் பாடசாலை வேலைக்கென்று அடுப்பில் கோதுமை மாப் பசை காய்ச்சுகிறாள். வெள்ளவத்தைக் கடற்காற்றையும் மீறி அந்த வாசனை என் அறைக்குள் வருகிறது. கணினித் திரையில் காலையில் வந்த மின்னஞ்சல் இன்னும் திறந்தே கிடக்கிறது. 'தங்கள் சிறுகதையைப் பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்.' இந்த வருடத்தில் இது நான்காவது வருத்தம். எழுதுவதையே விட்டுவிடலாமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் நான் வளர்ந்த வீடும் ஞாயிறுதோறும் இப்படித்தான் மணக்கும். அப்பா நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டெழுத்தாளராக இருந்தார். பத்திரிகைக்கு அவர் அனுப்பும் கதைகள், தன் முகவரி எழுதி முத்திரை ஒட்டிக் கூடவே வைத்தனுப்பிய உறையிலேயே திரும்பி வரும். அந்த உறையைத் தண்ணீர் கொதிக்கும் கேத்தலின் ஆவியில் பிடித்துப் பிரிப்பார். உட்புறம் வெளியே வரும்படி மடித்துப் பசை தடவி, அதே ஆசிரியரின் முகவரியை எழுதுவார். அடுத்த கதை அதில்தான் போகும்.

"வேண்டாமெண்டு அனுப்பினவங்களுக்கே திரும்பவும் அனுப்புறீங்களே, வெக்கமில்லையோ?" என்று ஒருநாள் அம்மா கேட்டார்.

"எனக்கு எழுத வருமோ எண்டு எனக்கே தெரியாது," என்றார் அப்பா. பசை தடவிய விரல் நிற்கவில்லை. "ஆனா அதைத் தீர்மானிக்கிறது அவங்களில்லை."

அப்பாவின் ஒரு கதைகூட அச்சில் வரவில்லை. சாகும்வரை உறை மடித்தார்.

மின்னஞ்சலைப் பிரித்துத் திருப்பி ஒட்ட முடியாது. அதனால் அந்த வருத்தக் கடிதத்திலேயே 'பதில்' என்பதை அழுத்தி, அடுத்த கதையை இணைத்து அனுப்பினேன்.